பட்டாசைப் புதைக்க முடியாது

இந்தியா ஒரு காலப்பெட்டகம் செய்து, ஆயிரம் ஆண்டு கழித்து வரப்போகிறவர்களுக்காக மண்ணில் புதைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊரும் தன் அடையாளமாக ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுச் சேலை கொடுக்கும். சுவாமிமலை ஒரு செப்புத் திருமேனியைக் கொடுக்கும். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிற தாயில்பட்டி எதைக் கொடுக்கும்? அந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது பட்டாசும் தீப்பெட்டியும். இரண்டையுமே பெட்டகத்துக்குள் வைக்க முடியாது.

வெடித்துவிடும் என்ற பொதுவான பயத்தைத் தாண்டி, இதற்குத் திட்டமான ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. வெள்ளை ஒளிக்காகவும் பெரும் சத்தத்துக்காகவும் பல ரகங்களில் அலுமினியத் தூள் கலக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படிந்திருக்கும். அதுதான் உலோகத்துக்குக் காவல். தூளோடு நைட்ரேட் உப்பும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் மெதுவாக ஒரு வினை தொடங்குகிறது. வெப்பமும் அம்மோனியாவும் வெளிவருகின்றன. அம்மோனியா காரத்தன்மை உடையது. காரம் அந்தக் காவல் படலத்தை அரிக்கிறது. படலம் போன இடத்தில் வினை இன்னும் வேகம் பிடிக்கிறது, இன்னும் சூடாகிறது. சூடு வெளியேற வழியில்லாத இடமாக இருந்தால், யாரும் தொடாமலே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் இப்படிப்பட்ட கலவைகளில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது. மழைக்காலத்தில் ஈரம் கோத்த மருந்தைக் கண்டு பழைய ஆட்கள் அஞ்சுவதும் இதனால்தான். இறுக்கி மூடிய பெட்டகத்துக்குள் மிச்ச ஈரம் சிறிது இருந்தாலும், அது இந்த வினைக்கு மிகவும் தோதான இடமாகிவிடும்.

ஆக, நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதியைச் செய்து தரும் வட்டாரம் தன் கைப்பொருளை எதிர்காலத்துக்கு அனுப்ப வழியில்லை. இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. காலப்பெட்டகம் என்ற யோசனையையே சரியாகப் புரிந்துகொள்ள தாயில்பட்டியைவிட நல்ல இடம் கிடையாது. பொருளை அனுப்ப முடியாதபோதுதான், உண்மையில் எதை அனுப்ப வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடையும் அதே வட்டாரத்து மண்ணில், பக்கத்து ஊரிலேயே கிடக்கிறது.

தேசத்தின் பெயரால் ஒரு பெட்டகத்தை நாம் ஏற்கெனவே புதைத்துப் பார்த்திருக்கிறோம். சுதந்திரத்தின் வெள்ளிவிழாக் காலத்தில், 1973 ஆகஸ்ட் 15 அன்று, டெல்லி செங்கோட்டை வளாகத்தில் பிரதமர் இந்திரா காந்தி அதை மண்ணுக்குள் இறக்கினார். காலபாத்ரா என்று பெயர். 32 அடி ஆழம். சுதந்திர இந்தியாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் ஓர் ஆவணம்தான் அதன் உயிர். அந்த வரைவை எழுதும் வேலை சென்னை கிறித்தவக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமியிடம் வந்தது. பெட்டகம் மண்ணுக்குள் போன வேகத்திலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. வாசகத்தில் ஆளும் தரப்பின் புகழ்தான் நிறைந்திருக்கிறது, விடுதலைப் போரின் பெரிய பெயர்கள் உரிய இடம் பெறவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. 1977ல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜனதா அரசு பெட்டகத்தைத் தோண்டி எடுத்துவிட்டது. புதைக்க ஆன செலவு 8,000 ரூபாய், எடுக்க ஆன செலவு 58,000 ரூபாய்க்கு மேல் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

நெடுங்காலத்துக்கு என்று திட்டமிட்டது ஐந்து ஆண்டு கூடத் தாங்கவில்லை. துருவும் தண்ணீரும் அதைத் தொடுவதற்கு முன்பே மனிதர்கள் தொட்டுவிட்டார்கள். பெட்டகங்களைப் பற்றிய பாடத்தில் இதை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியாத பெட்டகம் சந்தேகத்தை வளர்க்கும். சந்தேகம் மண்வெட்டியை வரவழைக்கும்.

அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1938 செப்டம்பர் 23 அன்று, நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 50 அடி ஆழத்தில் இறக்கிய பெட்டகம் இதற்கு நேர் எதிர். ஏழரை அடி நீளக் குழல் அது. செம்போடு துளி குரோமியமும் வெள்ளியும் கலந்த உலோகக் கலவையால் ஆனது. உள்ளே கண்ணாடிச் சுவர், அதற்குள் நைட்ரஜன் வாயு. 6939ஆம் ஆண்டு திறக்க வேண்டும். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் மண்ணுக்கு மேலே நடந்தது. உள்ளே இருப்பவை என்னென்ன, எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் புதைந்திருக்கிறது, ஆங்கிலத்தை எப்படி வாசிப்பது என்றெல்லாம் ஒரு பதிவுப் புத்தகம் அச்சிட்டு, உலகெங்கும் உள்ள நூலகங்களுக்கும் மடாலயங்களுக்கும் ஆயிரக்கணக்கில் அனுப்பிவைத்தார்கள். ஜப்பானியர்கள் 1970 ஒசாகா கண்காட்சியை ஒட்டி இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரே மாதிரி இரண்டு பெட்டகங்கள், ஒவ்வொன்றிலும் 2,098 பொருள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒசாகா கோட்டைப் பூங்காவில் புதைத்தார்கள். கீழே இருப்பது 5,000 ஆண்டு உறங்கும். மேலே இருப்பதை 2000ல் எடுத்துத் திறந்து, உள்ளே எது கெட்டிருக்கிறது எது நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்து மறுபடி புதைத்தார்கள். இனி நூறாண்டுக்கு ஒருமுறை திறப்பார்கள். ஒன்று கெட்டால் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ள மற்றொன்று. அறிவியல் மனம் என்றால் அது.

பெட்டியை எப்படி மூடுவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1957ல் ஒரு புத்தம் புதிய பிளிமத் காரையே கான்கிரீட் அறைக்குள் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2007ல் திறந்தபோது அறை நிறையத் தண்ணீர். கார் துருப்பிடித்த கூடு. அதே குழிக்குள் இருந்த பற்றவைத்த சிறிய எஃகு உருளை ஒன்றில் வைத்திருந்த கொடியும் காகிதங்களும் மட்டும் நல்ல நிலையில் இருந்தன. கான்கிரீட் கண்ணுக்குக் கெட்டி. ஆனால் அதில் நுண்துளைகள் ஏராளம், நாளாக ஆக விரிசலும் விடும். ரப்பர் வளையம் போட்டு திருகி மூடுவதும் போதாது, சில பத்தாண்டுகளில் ரப்பர் இறுகி வெடித்துவிடும். உலோகத்தை உலோகத்தோடு உருக்கிப் பற்றவைத்து, உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு ஆர்கான் மாதிரி வினைபுரியாத வாயுவை நிரப்புவதுதான் நின்று பிடிக்கும். மூடும் நாளில் உள்ளே இருக்கும் ஈரமும் முக்கியம். மழை நாளில் மூடிய பெட்டி அந்த மழையையும் சேர்த்தே மூடிக்கொள்கிறது.

இனி காகிதம். அச்சுத்தொழிலில் ஊறிய பக்கத்துச் சிவகாசிக்காரர்களிடம் காகிதத்தைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான் என்றாலும் சொல்லியாக வேண்டும். பாஸ்டனில் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகையின் மூலைக்கல்லுக்கு அடியில் சாமுவேல் ஆடம்ஸும் பால் ரிவியரும் 1795ல் வைத்த பெட்டகத்தை 1855ல் ஒருமுறை எடுத்து, மேலும் சில பொருள்களைச் சேர்த்து, பித்தளைப் பெட்டிக்கு மாற்றிவைத்தார்கள். 2015ல் அதைத் திறந்தபோது உள்ளே மடித்து வைத்திருந்த செய்தித்தாள்களைப் பிரித்து வாசிக்க முடிந்தது. அந்தக் காலத்துச் செய்தித்தாள் துணிக் கந்தலிலிருந்து செய்தது. பருத்தி, ஆளி நார் என்றால் கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். இன்றைய செய்தித்தாள் அரைத்த மரக்கூழ். அதில் லிக்னின் என்ற பசைப்பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. அது ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகும், அமிலமாகும். அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டும். மடித்த இடத்தில் காகிதம் பொடிவது அதனால்தான். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியோடு ஒத்துப்போகும். விருதுநகர்ச் சீமையில் அந்தச் சராசரி ஐரோப்பாவின் கோடையைப் போல இருக்கும். அங்கே புதைக்கும் காகிதம் சுண்ணாம்புச் சத்து சேர்த்த அமிலமில்லாத காகிதமாக இருப்பது கட்டாயம்.

மின்னணுப் பொருள்களும் இதற்கு விலக்கில்லை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தபோது, பத்தடி ஆழத்தில் நூறு பொருள்களோடு ஒரு பெட்டகம் புதைக்கப்பட்டது. நூறு ஆண்டுக்குப் பின் திறக்க வேண்டும். ஸ்மார்ட்போன், ஹார்டு டிஸ்க், லேண்ட்லைன் போன், மங்கள்யான், தேஜஸ் மாதிரிகள் எல்லாம் உள்ளே போயின. அந்த ஸ்மார்ட்போனின் உருவம் நூறாண்டு கழித்தும் இருக்கலாம். அதற்குள் இருக்கும் தகவல் இருப்பது கடினம். போனின் நினைவுச் சில்லு நுண்ணிய மின்னூட்டங்களாகத் தகவலைப் பிடித்துவைக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் போட்டுவைத்தால் அவை கசிந்து போய்விடும். சூடு அதிகமானால் இன்னும் சீக்கிரம். தகவல் பிழைத்தாலும் அதை வாசிக்கும் கருவியும் மென்பொருளும் அப்போது வேண்டும். 1990களில் பிளாப்பியில் எழுதிவைத்த கடிதத்தை இன்று வாசிக்க நாம் படும் பாடு நினைவிருக்கட்டும்.

தாயில்பட்டி மண்ணுக்கு வருவோம். அது கரிசல். பங்குனி, சித்திரையில் அந்தக் காட்டில் நடந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கைவரை கை போகும். கரிசலில் இருக்கும் களிமண் கனிமத்துக்கு மிக மெல்லிய தகடுகள் அடுக்கிய அமைப்பு. மழை பெய்ததும் தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் போனதும் சுருங்கிப் பிளக்கிறது. மேல்மண்ணும் சிறு கற்களும் சருகும் பிளவுக்குள் விழுகின்றன. அடுத்த மழைக்கு அடிமண் உப்பும்போது, உள்ளே விழுந்தது இடத்தை அடைத்துக்கொண்டதால், மண் பக்கவாட்டிலும் மேலாகவும் தள்ளுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இது நடந்து, நூற்றாண்டுகளில் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. கீழே போட்ட கல் மேலே வரும். மேலே கிடந்தது கீழே போகும். கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் சுக்காம்பாறை தட்டும்வரை கடைக்கால் பறிப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். இந்த மண்ணில் வெறுமனே குழி வெட்டி ஒரு பெட்டியைப் போட்டால், அதன் பற்றவைப்பு ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு பக்கம் இழுபடும், ஒவ்வொரு சித்திரையிலும் இன்னொரு பக்கம் இழுபடும்.

ஆனால் இதே மண்ணுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதில் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது, காரத்தன்மை உடையது. அமில மண்ணில் எலும்பும் சங்கும் கரைந்துபோகும். கார மண்ணில் அவை தங்கும். வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன: சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், கண்ணாடி மணிகள், நுண்கற்கருவிகள், தங்க அணி. சீறிப் பாயத் தயாராக நிற்கும் திமில் காளை பொறித்த சூதுபவளக் கல் ஒன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

எனக்கு அந்தக் காளையைவிட முக்கியமாகப் படுவது சங்கு. முழு வளையல்களோடு முடிக்காத வளையல்களும் வெட்டுப்பட்ட துண்டுகளும் அங்கே குவியலாகக் கிடைத்தன. சங்கை வளையம் வளையமாக அறுத்து, உள்பக்கத்தைத் தேய்த்து, வெளிப்பக்கத்தை மெருகேற்ற வேண்டும்; பாதியில் உடைந்தால் தூக்கி எறிய வேண்டும். அப்படித் தூக்கி எறிந்த துண்டுகளில் அறுத்த தடம் அப்படியே இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த சங்கு ஆற்றங்கரையோரம் உள்நாட்டுக்கு வந்து, இங்கே ஒரு தொழிற்கூடத்தில் அணியானது என்பதைச் சொல்வது அந்தக் குப்பைதான். வளையல் மட்டும் கிடைத்திருந்தால், யாரோ போட்டிருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கழிவு கிடைத்ததால் இங்கே யாரோ உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்று தெரிகிறது. யாரும் திட்டமிட்டுப் புதைக்காத பெட்டகம் அது. செங்கோட்டைப் பெட்டகம் சொல்ல மறந்ததை இது சொல்லிவிடுகிறது.

செங்கோட்டையில் பெட்டகம் இறங்கிய அதே 1973ல், அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியலாளர் டூசான் நகரத்து வீட்டுக் குப்பையை மாணவர்களோடு பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். மக்கள் தாம் குடிப்பதாகச் சொன்ன பீருக்கும் குப்பையில் கிடந்த டின்களுக்கும் பொருத்தமே இல்லை. பின்னால் குப்பைமேடுகளையே தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட செய்தித்தாள்கள் தலைப்பை வாசிக்கும் நிலையில் கிடைத்தன. காற்றும் ஈரமும் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் சோம்பிப்போய்விடுகின்றன. மனிதர் தம்மைப் பற்றி எழுதிவைப்பது ஒன்று, விட்டுச் செல்வது இன்னொன்று. எதிர்காலத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதை ராத்ஜியின் வேலை காட்டியது.

மண்ணைச் சுட்டால் கிடைப்பது இன்னொரு அதிசயம். களிமண்ணை 600 டிகிரிக்கு மேல் சுடும்போது அதன் கட்டமைப்புக்குள் இருக்கும் நீர் வெளியேறி, மறுபடி தண்ணீரில் கரையாத பொருளாகிவிடுகிறது. துருப்பிடிக்காது, பூச்சி அரிக்காது, உருக்கி விற்க யாருக்கும் ஆசை வராது. கீழடியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புதைந்திருந்த பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்ற பெயர்களை நாம் வாசிக்கிறோமே, அந்தப் பெயர்களைச் சுமந்து வந்தது சுட்ட மண். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்துக்குள் மார்ட்டின் குன்ட்ஸே என்பவர் 2012 முதல் இன்றைய உலகின் தகவல்களைப் பீங்கான் தகடுகளில் அச்சிட்டு அடுக்கி வருகிறார். மிக நவீனமான ஆவணக் காப்பகத் திட்டங்களில் ஒன்று, பானை ஓட்டின் வழியையே தேர்ந்தெடுத்திருக்கிறது.

பொருள் பிழைத்தாலும் எழுத்து புரிய வேண்டுமே. பிராமி எழுத்தை வாசிக்கும் வழி பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்து, 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் கையில்தான் மீண்டது. தமிழ்நாட்டுக் குகைகளில் அந்த எழுத்தில் பொறித்திருப்பது தமிழ்தான் என்று 1924ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். அதை முழுமையாக ஒழுங்குபடுத்தியது ஐராவதம் மகாதேவனின் உழைப்பு. மொழி இடைவிடாமல் நாவில் வாழ்ந்தும் எழுத்து நமக்கே விளங்காமல் போன காலம் இருந்திருக்கிறது. ஆகவே எந்தப் பெட்டகத்திலும் படத்தோடு கூடிய சொற்பட்டியல் வேண்டும், பல எழுத்துகளில் ஒரே வாசகம் வேண்டும், வட்டார வழக்கும் வேண்டும். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். 1977ல் வாயேஜர் விண்கலங்களில் போன தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. கன்னடம், தெலுங்கு, சிங்களம் எல்லாம் போயின, தமிழ் போகவில்லை. பெட்டகத்தை நிரப்பும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உள்ளடக்கமும்.

நம் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு, பிரதி எடுப்பது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் எடுக்கத் தோண்டியபோது, ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கும் மேல் கிடைத்தன. யாரோ ஒரு காலத்தில் அஞ்சியோ அக்கறையோடோ புதைத்த பெட்டகம் அது. அவை மண்ணுக்குள் இருந்த காலமெல்லாம் ஓதுவார்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஏடுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். பனையோலை நம் வெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆனாலும் நூல்கள் தாங்கின. உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுத்தான். ஓர் ஏட்டில் செல்லரித்த வரி இன்னோர் ஏட்டில் முழுதாக இருந்தது. இன்றைய கணிப்பொறித் தகவல் சேமிப்பு முழுவதும் இதே கொள்கையில் நிற்கிறது: படிகள் பல இருக்க வேண்டும், வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே விதமாக ஒரே நாளில் கெடக் கூடாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு தாயில்பட்டியின் பங்கை இப்போது எடுத்துவைக்கலாம். பட்டாசின் மருந்து வேண்டாம். மருந்து அடைக்காத வெற்றுக் குழாய், சுற்றும் காகிதம், திரி நூல், சிவகாசியில் அச்சான லேபிள் போதும். வெடித்த சரத்தின் குப்பையும் ஒரு பிடி வேண்டும். பிய்ந்த காகிதத் துணுக்குகளில் பழைய செய்தித்தாளின், பாடப்புத்தகத்தின் பாதி எழுத்துகள் இருக்கும். சங்குத் துண்டு செய்த வேலையை அவை செய்யும். மருந்துக்குப் பதிலாக அதன் விகிதமும் செய்முறையும் சுட்ட தகட்டில் பொறிக்கப்பட வேண்டும். கூடவே, எரியும்போது வந்த ஒளியின் பதிவு. பட்டாசின் நிறம் என்பது சூடான நிலையில் சில அணுக்களும் மூலக்கூறுகளும் உமிழும் ஒளி. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், செம்பு நீலம். பச்சைக்குப் பேரியம்; ஏறத்தாழ 510 முதல் 530 நானோமீட்டர் அலைநீளம். 2018ல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்த பிறகு, அந்தப் பச்சையே வரலாறாகத் தொடங்கிவிட்டது. ஒரு நிமிடம்கூட நிற்காத வெளிச்சத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பத்திரப்படுத்த முடியும். அலைநீளத்தை ஒரு கோட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பொறித்துவிட்டால், மில்லிமீட்டர் என்ற சொல் மறந்துபோன காலத்திலும் ஒரு வேதியியலாளர் அதை மறுபடி உண்டாக்கிப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. விபத்துப் பதிவேடு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் செத்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். தாயில்பட்டியின் தெருக்களுக்கும் இந்தச் சாவு புதிதில்லை. உராய்வு, அளவுக்கு மிஞ்சிய மருந்து இருப்பு, ஓர் அறையில் இருக்க வேண்டியவர்களைவிடக் கூடுதல் ஆள், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க உள்குத்தகைக்கு இன்னொருவர் நடத்துவது: ஒவ்வொரு விசாரணையிலும் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. 1973ன் வாசகம் சாதனைகளை எழுதியது. அடுத்த தேசியப் பெட்டகத்தில் செத்தவர்களின் பெயரும் வயதும், அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையும், விபத்தின் காரணமும், குடும்பங்கள் சம்மதித்தால், அதே சுட்ட தகட்டில் இருக்க வேண்டும். சரம் பின்னும் பெண்ணின் கை, திரி சொருகும் விரல், மருந்து படிந்து வெள்ளி நிறமான பாதம் ஆகியவற்றின் படங்களும் வேண்டும். தீபாவளி இரவை மட்டும் அனுப்பினால், வருகிறவர்கள் அதை ஒரு விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள்.

எங்கே வைப்பது என்பதற்கும் விடை கஷ்டமில்லை. ஒரு பெரிய பெட்டகம் வேண்டாம். உள்ளங்கை அகலப் பீங்கான் தகடுகள், சில நூறு படிகள். ஒரு தொகுதி விஜயகரிசல்குளத்தில், அகழாய்வு முடிந்து மூடும் குழி ஒன்றில், அறிவியல் பூர்வமாகக் குறித்துவைத்து. ஒரு தொகுதி சுக்காம்பாறையில் குடைந்த அறையில். ஒன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், ஒன்று வெளிநாட்டில். முழு வாசகமும் முதல் நாளே அச்சில் வெளியாக வேண்டும். ஒளித்துவைக்க ஒன்றுமில்லை என்றால் தோண்டிப் பார்க்கவும் யாருக்கும் அவசரம் இருக்காது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகுதியை மட்டும் திறந்து, ஒசாகாவில் செய்வதுபோல் எது தாங்கியது என்று பார்த்து, புதிய தகடுகளைச் சேர்த்து மூட வேண்டும். உலகத்தில் புதைத்த பெட்டகங்களில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்பதே மறந்துபோனவை. நம்மிடம் அதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் கிராம நிர்வாக அலுவலர் கையில் தொடர்ந்து வரும் அ-பதிவேட்டில், அந்த இடத்தின் புல எண்ணுக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்: இந்த நிலத்தில் இன்ன ஆழத்தில் பெட்டகம், அடுத்துத் திறக்கும் ஆண்டு இது.